எந்தத் தளத்தை வகுப்புக்குள் விடலாம்?

இணையதளம் தேட உட்காருவதற்கு முன்னால் கால அட்டவணையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாடவேளை 40 அல்லது 45 நிமிடம். பிள்ளைகளை வரிசையாக ஹைடெக் லேபுக்கு அழைத்துப் போக வேண்டும், கணினிகள் உயிர்பெறக் காத்திருக்க வேண்டும், எந்தக் கணினி யாருக்கு என்ற பஞ்சாயத்தைத் தீர்க்க வேண்டும், மணி அடிப்பதற்குள் எல்லாவற்றையும் அணைத்துத் திரும்ப அழைத்து வர வேண்டும். இதெல்லாம் போக மிஞ்சுவது 20, 25 நிமிடம். நீங்கள் தேர்ந்தெடுக்கும் தளம் அந்த நேரத்துக்குள் தன் வேலையைச் செய்து முடித்தாக வேண்டும்.

ஆகவே கரும்பலகையிலும் பாடநூலிலும் செய்ய முடியாத எதை அந்த 20 நிமிடத்தில் செய்யப் போகிறோம் என்று ஒரு வரி எழுதுங்கள். 'பத்தாம் வகுப்பு, மின்னோட்டவியல்' என்று எழுதினால் போதாது. அது வெறும் தலைப்பு. 'தொடரிணைப்பில் முதல் விளக்குக்குப் போகும் அதே மின்னோட்டம்தான் இரண்டாவது விளக்குக்கும் போகிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்' என்று எழுதினால் தேடுவதற்கு ஒரு பொருள் கிடைக்கிறது. இப்படி எழுதிப் பார்க்கும்போதே சில பாடங்களுக்கு இணையம் தேவையில்லை என்று தெரிந்துவிடும். நல்லதாயிற்று, ஒரு பாடவேளை மிச்சம். பாடநூலில் இருக்கும் பத்தியையே வண்ண எழுத்தில் காட்டும் தளங்கள் ஏராளம். அவற்றைத் திறப்பதைவிடப் புத்தகத்தைத் திறப்பது வேகமானது.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவதற்கு இணையம் உதவும். ஓர் அளவை மாற்றினால் மற்றது என்ன ஆகிறது என்று பிள்ளையே செய்து பார்ப்பதற்கு உதவும். அகழாய்வு அறிக்கை, மக்கள்தொகைக் கணக்கு, பழைய அச்சுப் பதிப்பு போன்ற மூல ஆவணங்களைப் பிள்ளையின் கண்முன் கொண்டுவந்து வைக்கும். நீங்கள் எழுதிய வரி இவற்றில் ஒன்றோடும் பொருந்தவில்லை என்றால் தேடலை அங்கேயே நிறுத்திவிடலாம்.

தெரிந்த இடத்தில் சோதியுங்கள்

தளங்களின் தரத்தை அளக்கப் பல பட்டியல்கள் இருக்கின்றன. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகத்தில் 2004இல் உருவான பட்டியல் பல நாட்டுப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் பரவியது. தகவல் புதியதா, பொருத்தமானதா, எழுதியவர் யார், சரியானதா, நோக்கம் என்ன என்று அதில் ஐந்து கேள்விகள். கேள்விகளில் குறையில்லை. ஆனால் 'சரியானதா' என்ற கட்டத்தில் டிக் அடிப்பது எப்படி? சரியான விடை தெரிந்திருந்தால் எதற்குத் தேடுகிறோம்? பட்டியல் நம்மை அந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறது.

ஆசிரியருக்கு மட்டும் இதற்கு ஒரு வழி உண்டு. உங்கள் பாடத்தில் உங்களுக்கு ஐயமறத் தெரிந்த, ஆனால் பலர் சறுக்கும் விஷயம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தளத்துக்குள் நுழைந்ததும் நேரே அந்தப் பக்கத்துக்குப் போய் அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் வேகாமல் போகக்கூடிய இடத்திலிருந்து அந்தப் பருக்கையை எடுக்க வேண்டும். 'சூரியனைப் பூமி சுற்றுகிறது' என்பதை எல்லாத் தளமும் சரியாகத்தான் எழுதியிருக்கும். பருவகாலம் ஏன் மாறுகிறது என்று பாருங்கள். பூமி சூரியனுக்கு அருகே வரும்போது கோடை என்று எழுதியிருந்தால், ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது என்பதை அறியாத ஒருவர் அதை எழுதியிருக்கிறார் என்று பொருள்.

வானியலில் இன்னொரு நல்ல சோதனை, சனிக்கோளின் நிலவுகள். 62 என்று போட்டிருந்தால் அந்தப் பக்கம் 2019 அக்டோபருக்கு முந்தையது. அந்த மாதம் 20 புதிய நிலவுகள் அறிவிக்கப்பட்டு எண்ணிக்கை 82 ஆனது. 2023இல் 145ஐத் தாண்டியது. 2025 மார்ச்சில் ஒரே மூச்சில் 128 நிலவுகள் சேர்ந்து 274க்குப் போய்விட்டது. பக்கத்தின் அடியில் 'இன்று புதுப்பிக்கப்பட்டது' என்று தானாக ஒரு தேதி ஓடிக்கொண்டிருக்கலாம். அதைவிட இந்த எண்ணை நம்பலாம். கடைசியாக ஒரு மனிதர் அந்தப் பக்கத்தைத் தொட்டது எப்போது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். சமூக அறிவியல் ஆசிரியருக்கு இதற்கு இணையானது தமிழ்நாட்டின் மாவட்டக் கணக்கு. 32 என்றால் 2019க்கு முன்பு. 37 என்றால் கள்ளக்குறிச்சி, தென்காசி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஆகியவற்றோடு நின்றுவிட்டது. மயிலாடுதுறையும் சேர்ந்து 38 என்று இருந்தால் 2020க்குப் பிறகும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இயற்பியலில் கிலோகிராம் என்ற அலகின் வரையறையைப் பாருங்கள். பாரிஸ் அருகே வைத்திருக்கும் பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் கிலோகிராம் என்ற வரையறை 2019 மே 20ஆம் தேதியோடு முடிந்துவிட்டது; இப்போது அது பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது.

பழையதாக இருப்பது ஒரு குறை. முதலிலிருந்தே தவறாக இருப்பது வேறு குறை. உயிரியல் தளமானால் நாக்கைத் தேடுங்கள். நுனியில் இனிப்பு, பின்புறம் கசப்பு என்று நாக்கைப் பாகம் பிரித்துக் காட்டும் படம் 1901இல் வந்த ஜெர்மன் ஆய்வொன்றைப் பின்னால் வந்தவர்கள் தவறாகப் படித்ததால் உருவானது. சுவை மொட்டுகள் உள்ள எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும். அந்தப் படம் இன்னமும் நூற்றுக்கணக்கான 'கல்வி' தளங்களில் பளபளப்பாகத் தொங்குகிறது. தமிழாசிரியருக்கு என் பரிந்துரை ஔவையார். அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய சங்ககால ஔவையாரையும், பல நூற்றாண்டு பிந்தி ஆத்திசூடி பாடிய ஔவையாரையும் ஒருவராக்கி, நெல்லிக்கனி தின்றதால் அத்தனை காலம் வாழ்ந்தார் என்ற பாணியில் எழுதியிருந்தால் அந்தத் தளத்தில் வேறு எதையும் எளிதில் நம்ப வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரு பிழை கண்டவுடன் தளத்தையே தள்ளிவைப்பதும் அவசரம்தான். அரசுப் பாடநூலிலும் அச்சுப்பிழை உண்டு. பிழையைச் சொன்னால் திருத்துவதற்கு அங்கே ஓர் ஆள் இருக்கிறாரா, முன்பு திருத்திய தடம் தெரிகிறதா என்று பாருங்கள். தமிழ் விக்கிப்பீடியாவை வகுப்பில் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். 2003 முதல் நடக்கும் அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உண்டு; தரம் கட்டுரைக்குக் கட்டுரை மாறும். ஆனால் ஒவ்வொரு கட்டுரைக்கும் வரலாற்றுப் பக்கம் இருக்கிறது, உரையாடல் பக்கம் இருக்கிறது; பலவற்றில் அடிக்குறிப்பும் இருக்கிறது. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று பிள்ளைகளே பார்க்கலாம். இந்த வசதி தராத தனியார் தளங்களை ஏற்றுக்கொண்டு விக்கிப்பீடியாவுக்கு மட்டும் தடை விதிக்கும் பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தளத்தை விட்டு வெளியே வாருங்கள்

தெரியாத விஷயம் பற்றிய தளமானால் மேலே சொன்ன சோதனை உதவாது. அப்போது என்ன செய்வது?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாக விடை சொல்கிறது. முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10 பேர், பத்திரிகைகளில் தகவல் சரிபார்க்கும் வேலையில் இருப்பவர்கள் 10 பேர், அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் 25 பேர். குழந்தை மருத்துவர்கள் அமைப்புகள் இரண்டின் தளங்களைக் காட்டி எது நம்பத்தகுந்தது என்று கேட்டார்கள். ஒன்று 1930இல் தொடங்கிய, பல்லாயிரம் உறுப்பினர்கள் கொண்ட அமைப்பு. மற்றது 2002இல் கருத்து வேறுபாட்டால் பிரிந்துபோன சிறு குழு. பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோல. மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவைத்தான் நம்பினார்கள். வரலாற்றாசிரியர்கள் பலரும் தடுமாறினார்கள். தகவல் சரிபார்ப்பவர்கள் மட்டும் தவறவில்லை.

காரணம் எளியது. மாணவர்களும் வரலாற்றாசிரியர்களும் அந்தத் தளத்துக்குள்ளேயே மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்: இலச்சினை, 'எங்களைப் பற்றி', மேற்கோள் பட்டியல், மொழிநடை. சரிபார்ப்பவர்களோ சில விநாடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, பக்கத்துத் தாவலில் அமைப்பின் பெயரைப் போட்டு, மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். பெண் பார்க்கப் போகும் குடும்பம் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது நமக்குத் தெரியாததா! இணையத்துக்கு வந்ததும் ஏனோ அதை மறந்துவிடுகிறோம்.

தளத்தின் முகவரியைப் பார்த்து முடிவு செய்யலாம் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். 'டாட் ஆர்க்' என்று முடிந்தால் தொண்டு நிறுவனம் என்று பயிற்சிகளில் இன்னும் சொல்கிறார்கள். காசு கட்டினால் யாரும் அதை வாங்கலாம். மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரில் 'டாட் ஆர்க்' என்று முடியும் தளம் ஒன்று பல ஆண்டுகள் இயங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே வடிவமைத்ததுபோல் இருக்கும். அதை நடத்தியது ஸ்டார்ம்ஃபிரண்ட் என்ற வெள்ளையின வெறிக் குழு. 'ஜிஓவி டாட் இன்', 'ஏசி டாட் இன்' போன்ற முடிவுகள் இந்திய அரசுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் மட்டுமே தரப்படுபவை. அவற்றிலிருந்து தெரிவது பக்கத்தை வைத்திருப்பவர் யார் என்பது. பக்கத்தில் இருப்பது காலாவதியானதா என்று முகவரி சொல்லாது.

மரத்தில் வாழும் ஆக்டோபஸ் ஒன்று அழிவின் விளிம்பில் இருப்பதாகச் சொல்லும் கேலித் தளம் 1998 முதல் இணையத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் வாழ்வதாகப் படம், வாழ்க்கைச் சுழற்சி, 'காப்பாற்ற உதவுங்கள்' எல்லாம் உண்டு. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தினர் 2006இல் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 25 பேரிடம் இதைக் காட்டினார்கள். இணையத்தில் நன்றாகப் படிக்கக்கூடியவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகள். ஏறக்குறைய எல்லோரும் நம்பினார்கள். நம் வகுப்பில் இந்த விளையாட்டை ஒருமுறை நடத்திப் பார்க்கலாம். ஆனால் பாடவேளை முடிவதற்குள் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மறுநாள் சொல்லலாம் என்று விட்டால் அன்றைக்கு வராத பிள்ளைகள் வாழ்நாள் முழுக்க மரத்து ஆக்டோபஸோடு இருப்பார்கள்.

தேடுபொறியின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் சுருக்கத்துக்கும் இதே விதிதான். பிள்ளைகள் அந்தப் பெட்டியைப் படித்துவிட்டு அதோடு நின்றுவிடுகிறார்கள். 'இது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அதைத் திற' என்ற ஒரே கட்டளையை ஆண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருங்கள்.

கீழடியை எடுத்துக்கொண்டு ஒரு பாடவேளை

மேலே சொன்ன இரண்டும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம். கீழடி எவ்வளவு பழமையானது என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் 2,200 ஆண்டு, 2,600 ஆண்டு, இன்னும் பல்லாயிரம் ஆண்டு என்று கரும்பலகை நிறைந்துவிடும். ஒன்றையும் அழிக்காதீர்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்தத் தளம், அந்தத் தளம் யாரைக் காட்டி அதைச் சொல்கிறது என்று எழுதச் சொல்லுங்கள்.

இப்போது எண்கள் தாமாகப் பிரிந்து நிற்கத் தொடங்கும். இந்தியத் தொல்லியல் துறை 2015இல் தொடங்கிய அகழாய்வில் எடுத்த மாதிரிகளின் காலக்கணிப்பு 2017இல் வெளிவந்தபோது அது ஏறக்குறைய 2,200 ஆண்டு என்று காட்டியது. பிறகு தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைக் கையில் எடுத்தது. அது 2018இல் சேகரித்த ஆறு கரிம மாதிரிகளை அமெரிக்காவின் மயாமி நகரில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பியது. அவற்றில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒன்றின் காலம் கி.மு. 580 என்று வந்தது. அந்த அறிக்கை 2019 செப்டம்பரில் வெளியானது. ஆகவே 2,200 என்று சொல்லும் பக்கமும் 2,600 என்று சொல்லும் பக்கமும் தத்தம் தேதியில் சரியாகவே எழுதியிருக்கின்றன. மூன்றாவது வகை எண்ணைப் போட்ட தளங்களோ ஒன்று இன்னொன்றைக் காட்டும், அது முதலாவதையே திரும்பக் காட்டும். எந்த மாதிரி, எந்த ஆழம், எந்த ஆய்வகம் என்ற கேள்விக்கு அவற்றில் விடை இருக்காது.

மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை பிடிஎஃப் வடிவில் கிடைக்கிறது. முழுவதையும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால் மிரண்டுவிடுவார்கள். காலக்கணிப்பு அட்டவணை உள்ள பக்கத்தை மட்டும் திரையில் போடுங்கள். ஆழம் கூடக் கூட வயது எப்படி மாறுகிறது என்று படிக்கச் சொல்லுங்கள். ஒரு தளம் நல்லதா என்று விவாதிப்பதைவிட, அந்தத் தளம் எதைப் பார்த்து எழுதியதோ அதையே பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கூடவே, இந்தியத் தொல்லியல் துறை முதல் இரு கட்ட அகழாய்வுகளின் அறிக்கையைத் திருத்தித் தரும்படி 2025இல் கேட்டதும் அதையொட்டி எழுந்த விவாதமும் கண்ணில் படும். மறைக்க வேண்டாம். அறிஞர்கள் ஒத்துப்போகாத இடம் இது என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

வரைபடங்கள் பற்றி ஒரு வரி இங்கேயே. அயல்நாட்டுத் தளங்களின் நிலப்படங்களில் இந்தியாவின் எல்லை நம் பாடநூலில் உள்ளதுபோல் இராது. இந்திய நில அளவைத் துறையின் எல்லைக்கு மாறான வரைபடத்தை வெளியிடுவது இங்கே சட்டப்படி குற்றம். நில அளவைத் துறையின் படங்களையோ இஸ்ரோவின் புவன் தளத்தையோ வைத்துக்கொள்ளுங்கள்.

செய்து பார்க்கும் தளங்கள்

அறிவியலுக்கும் கணிதத்துக்கும் என்னைக் கேட்டால் படிக்கும் தளங்களைவிடச் செய்து பார்க்கும் தளங்களுக்குத்தான் முதலிடம். நம் பாடநூல்களின் 'இணையச் செயல்பாடு' பெட்டிகளே பல இடங்களில் ஃபெட், ஜியோஜீப்ரா ஆகிய இரண்டுக்கும் வழிகாட்டுகின்றன. ஜியோஜீப்ரா 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரின் ஆய்வேடாகத் தொடங்கியது. ஃபெட்டை 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியவர் அதற்கு முந்தைய ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன். ஃபெட்டின் சிமுலேஷன்கள் பலவற்றைத் தமிழிலும் திறக்கலாம், எல்லாவற்றையும் அல்ல.

மின்சுற்று சிமுலேஷனை எடுத்துக்கொள்வோம். மின்கலம், கம்பி, விளக்கு, சாவி எல்லாவற்றையும் இழுத்து இணைத்தால் எலக்ட்ரான்கள் சிறு உருண்டைகளாக ஓடுகின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் முதல் விளக்கு மின்னோட்டத்தில் பாதியைத் தின்றுவிடும், மிச்சம்தான் இரண்டாவதற்குப் போகும் என்றே நினைக்கிறார்கள்; கேட்டால் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் விதியைச் சரியாக ஒப்பிக்கத் தெரியும். திரையைத் தொடுவதற்கு முன்னால் அவரவர் நோட்டில் ஊகத்தை எழுதச் சொல்லுங்கள். பிறகு இரண்டு விளக்குகளைத் தொடராக இணைத்து, முதலாவதற்கு முன்னும் இரண்டாவதற்குப் பின்னும் உருண்டைகள் ஓடும் வேகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே வேகம். அம்மீட்டரைப் பொருத்தினால் ஒரே அளவு. விளக்கைக் கழற்றிவிட்டுக் கம்பியை மட்டும் இணைத்தால் மின்கலம் தீப்பற்றும். எல்லாக் குழுவும் முதலில் அதைத்தான் செய்யும், தடுக்க வேண்டாம். குறுக்குச்சுற்று என்ற சொல் அந்தத் தீயோடு மனத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கொலராடோவில் கல்லூரி மாணவர்களை வைத்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சிமுலேஷனில் பழகியவர்கள் உண்மையான கம்பியும் விளக்கும் வைத்துப் பழகியவர்களைவிட மின்சுற்றை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். பின்னால் உண்மையான சுற்றைக் கட்டச் சொன்னபோதும் முந்தினார்கள். இதை வைத்துக்கொண்டு ஆய்வகத்தை இழுத்து மூடிவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டம் திரையில் தெரிந்தது, அவ்வளவே. சிமுலேஷன் பொய்யும் சொல்லும். கம்பிக்குள் எலக்ட்ரான் உண்மையில் நகர்வது விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் கூட வராத ஆமைவேகத்தில். திரையில் அது சைக்கிள்போல் ஓடுகிறது. நல்ல தளத்திலும் எது உண்மைக்கு மாறாகப் பெரிதாக்கப்பட்டிருக்கிறது என்பதை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

எதையும் உங்கள் கைப்பேசியில் பார்த்துவிட்டு 'ஓடுகிறது' என்று முடிவு கட்டாதீர்கள். பள்ளிக் கணினியில் ஓட்டிப் பாருங்கள். அடோபியின் ஃபிளாஷ் 2020 டிசம்பரோடு நிறுத்தப்பட்டபோது எத்தனையோ அழகான அறிவியல் தளங்கள் ஒரே இரவில் வெற்றுப் பெட்டிகளாயின. இன்றும் தேடலில் அவை வந்து நிற்கும். விண்டோஸ் 7 உள்ள கணினியில் 2023 பிப்ரவரிக்குப் பிறகு புதிய குரோம் ஏறாது. ஆகவே புதிய தளங்கள் சில அங்கே கோணலாகத் திறக்கும். இணைய வேகத்தை நம்பி முப்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் ஒரு தளத்தில் விடுவதும் வேண்டாம். ஃபெட்டின் சிமுலேஷன் ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக இறக்கிப் பென் டிரைவில் எடுத்துப் போகலாம். கிவிக்ஸ் என்ற இலவசச் செயலி இருந்தால் விக்கிப்பீடியாவையே இணையமில்லாமல் படிக்கலாம்.

தமிழ்த் தளங்கள் என்றால்

தமிழ்ப் பாடத்துக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களுக்கு 'நூலகம்' என்ற தளம் ஆகிய மூன்றும் இருந்தால் வேறு அதிகம் தேட வேண்டியிராது. தொடக்க வகுப்புகளுக்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இருக்கிறது. கதைகள் வாசிப்பு நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும், அச்சிட்டுக் கொடுக்கவும் உரிமை உண்டு.

அறிவியலைத் தமிழில் தேடும்போதுதான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொள்ள வேண்டும். இலங்கைக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்வழிப் பாடங்கள் சிறப்பாக உள்ளன. ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல் வேகம், திசைவேகம், முடுக்கம் என்று சொல்வதை இலங்கைப் பாடநூல் கதி, வேகம், ஆர்முடுகல் என்கிறது. சொல் வேறாக இருந்தால் பிள்ளை நின்று கேட்கும். 'வேகம்' என்ற ஒரே சொல் அங்கே ஒரு பொருளிலும் இங்கே வேறு பொருளிலும் வரும்போது கேட்காமலே குழம்பும். மூன்று வரி ஒப்புமை அட்டவணையைப் பலகையில் எழுதிவிட்டுத் தளத்தைத் திறந்தால் சிக்கல் தீர்ந்தது.

இயந்திரம் மொழிபெயர்த்த பக்கங்களைக் கண்டுபிடிக்க ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்தால் போதும். நாக்கு இடறும். பாடநூலின் கலைச்சொல் ஒன்றைப் பக்கத்துக்குள் தேடிப் பாருங்கள். 'ஒளிச்சேர்க்கை' என்று எங்குமே வராத ஒளிச்சேர்க்கைப் பாடத்தை வைத்து என்ன செய்வது?

விளம்பரம், கணக்கு, உரிமை

வகுப்பில் காட்டும் பக்கத்தின் ஓரத்தில் என்ன விளம்பரம் வரும் என்பது நீங்கள் முந்தைய இரவு என்ன தேடினீர்கள் என்பதைப் பொறுத்தது. தனிச் சாளரத்தில் திறங்கள். யூடியூப் என்றால் அடுத்த காணொலி தானாக ஓடுவதை நிறுத்திவிடுங்கள்.

பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் கைப்பேசி எண் கேட்கும் தளத்தை, அதே வேலையைக் கணக்குத் தொடங்காமல் செய்யும் இன்னொரு தளம் இருக்கும்வரை தொட வேண்டாம். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2022இல் 49 நாடுகளின் இணையக் கல்விச் சாதனங்களை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய பத்தில் ஒன்பது சாதனங்கள் பிள்ளைகளின் தனியுரிமைக்குக் கேடு விளைவித்ததாகவோ விளைவிக்கக் கூடியதாகவோ கண்டது. அவற்றில் பல அரசுகளே பரிந்துரைத்தவை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. விதிவிலக்குகள் தவிர்த்துப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. கட்டாயம் கணக்கு வேண்டுமென்றால் ஆசிரியர் ஒரு கணக்கில் திறந்து திரையில் காட்டலாம்.

பதிப்புரிமை பற்றி ஆசிரியர்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள், அல்லது துளியும் பயப்படுவதில்லை. பாடம் நடத்தும்போது ஆசிரியரும் மாணவரும் எடுத்தாள்வதற்கு 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. அதே படத்தை உங்கள் யூடியூப் சேனலில் போடும்போது நிலைமை வேறு. அங்கே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ளவற்றை எடுத்து, எடுத்த இடத்தைக் குறிப்பிடுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் பார்த்தபோது, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பின் காணாமல் போயிருந்தன. பாடநூலில் அச்சாகியிருக்கும் க்யூஆர் கோடும் அழியாதது என்று நம்ப வேண்டாம். பாடத்துக்கு முந்தைய நாள் ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். முக்கியமான பக்கத்தை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் சேமித்து வைத்தால், தளம் போனாலும் அந்தப் படி மிஞ்சும்.

பள்ளியில் பாடவாரியாக ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த வகுப்பு, எந்தப் பாடம், தளத்தின் எந்தப் பக்கம், கடைசியாகச் சரிபார்த்த தேதி, கோப்பு எந்தப் பென் டிரைவில் இருக்கிறது என்ற கட்டங்கள் போதும். கடைசியாக இன்னொரு கட்டம் கட்டாயம் வேண்டும்: 'எதற்கு ஆகாது'. இடமாறுதலில் புதிதாக வரும் ஆசிரியருக்கு அதிகம் பயன்படுவது அதுதான். மின்சுற்று சிமுலேஷனுக்கு எதிரே அந்தக் கட்டத்தில் நான் எழுதுவது இது: 'எலக்ட்ரானின் வேகம் பற்றிப் பேச ஆகாது. மின்கலத்தை எரிக்க மூன்று நிமிடம் தனியாக ஒதுக்கவும்.'